சத்தமும் வேலையும் நிறைந்த வாழ்க்கையில் தினமும் தியானம் செய்யும் பழக்கத்தை எப்படி ஏற்படுத்திக்கொள்வது?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இப்படி வருகிறது: திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை, வாரத்தில் பாதி நாள் ஒன்றரை ஷிப்டு, குடியிருக்கும் வீட்டைச் சுற்றிலும் தறிச் சத்தம், யாரோ சொன்னார்கள் என்று விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து அரை மணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்து பார்த்தீர்கள், ஒரு வாரம் தாண்டவில்லை. "மனதை நிறுத்தவே முடியவில்லை, எனக்கு இது வராதோ?" என்று முடித்திருக்கிறீர்கள்.

வரும். முதலில் அந்த நான்கு மணியைக் கைவிடுங்கள். பிரம்ம முகூர்த்தத்தை நான் குறை சொல்லவில்லை. விளக்கு வைத்ததும் சாப்பிட்டு எட்டு மணிக்கெல்லாம் படுத்துவிட்டவர்களுக்கு அது பொருந்தியது. இரவு ஒன்பதரைக்கு வீடு வந்து, சாப்பிட்டு, கைபேசியைத் தடவிவிட்டுப் பன்னிரண்டு மணிக்குப் படுக்கிறவர் நான்கு மணிக்கு எழுந்து கண்ணை மூடினால் தூக்கம்தான் வரும். வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். தூக்கத்தில் கை வைத்துத் தியானத்துக்கு நேரம் ஒதுக்குவது ஒரு கடனை அடைக்க வட்டிக்கு இன்னொரு கடன் வாங்குகிற கதை. நம் ஊரில் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது சத்தம். நான் பல்லடம் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். வீட்டை ஒட்டியே மாமனார் காலத்துத் தறிக்குடோன். வெளியூரில் இருந்து வரும் விருந்தாளிகள் முதல் நாள் இரவு தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு படுப்பார்கள். எங்களுக்கோ மின்சாரம் போய்த் தறி நின்றால்தான் விழிப்பு வரும். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், சத்தமே இல்லாத இடம் கிடைத்த பிறகு உட்காரலாம் என்று காத்திருந்தால் சோமனூர், பல்லடம், திருப்பூர் வட்டாரத்தில் ஒருவரும் தியானம் பழக முடியாது. குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிபடுகிற அந்தச் 'சடக் சடக்'கை அப்படியே கேளுங்கள். ஒரே சத்தம் போலத் தோன்றுவதற்குள் எத்தனை தறிகள் தனித்தனியாக ஓடுகின்றன என்று காது தானே பிரித்துக் காட்டும். ஒன்று முந்தும், ஒன்று பிந்தும், சில நேரம் இரண்டும் சேர்ந்து விழும். எரிச்சல் வருவது பெரும்பாலும் சத்தத்தால் அல்ல, 'இதை எப்போது நிறுத்துவார்கள்' என்று உள்ளே ஓடும் புலம்பலால். அந்தப் புலம்பல் கிளம்பும் கணத்தைக் கவனித்துவிட்டால் அன்றைய தியானத்தில் உருப்படியான வேலை ஒன்று நடந்துவிட்டது.

'மனதை நிறுத்த முடியவில்லை' என்கிறீர்கள். உங்களை நிறுத்தச் சொன்னவர் யார்? மனம் ஓடும். எல்லோருக்கும் ஓடும். தறி ஓட்டுகிறவர்களைப் பாருங்கள். குறுக்கே ஓடும் ஊடை நூல் அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். நீளவாக்கில் ஓடும் பாவு இழை ஒன்று அறுந்தால் எங்கள் பழைய தறிகள் நிற்காது. அவை பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும், துணியில் கோடு விழும். அதனால் தறிக்காரரின் கண் பாவின் மேல் போய்வந்தபடியே இருக்கும். அறுந்ததைப் பார்த்ததும் தறியை நிறுத்துவார், நுனியைத் தேடி எடுப்பார், ஒட்டு நூல் சேர்த்து முடிச்சுப் போடுவார், பாவு இழைகள் கோத்திருக்கும் விழுதிலும் அச்சிலும் நுழைத்து இழுத்துவிட்டு மறுபடி ஓட்டுவார். 'ஐயோ, திரும்பவும் அறுந்துவிட்டதே, எனக்கு நெசவு வராதோ' என்று தலையில் கை வைத்து உட்கார்ந்த தறிக்காரரை நான் பார்த்ததில்லை. மீட்டர் கணக்கில் கூலி. உட்கார நேரம் ஏது? மனம் கம்பெனிக்கு ஓடியதும், ஓடியது தெரிந்ததும், திரும்ப மூச்சுக்கு வந்ததும் சேர்ந்ததுதான் பயிற்சி. ஐந்து நிமிடத்தில் முப்பது முறை ஓடி முப்பது முறை திரும்பினால் முப்பது முறை பழகியிருக்கிறீர்கள்.

செய்முறை எளிது. நாற்காலியிலோ, சுவரில் முதுகைச் சாய்த்துப் பாயிலோ உட்காருங்கள். பத்மாசனம் வேண்டாம், நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கிற காலை மடக்கி வதைப்பானேன். மூச்சை இழுக்கும்போது ஒன்றும் செய்ய வேண்டாம். விடும்போது மட்டும் மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று பத்து வரை எண்ணுங்கள். எண்ணிக்கை தவறினால் திரும்ப ஒன்று. பதினேழு, பதினெட்டு என்று போய்க்கொண்டிருப்பதும் தவறியதாகத்தான் கணக்கு; அது எனக்கு அடிக்கடி நடக்கும், சிரிப்பு வரும். வெளிமூச்சு உள்மூச்சைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்கட்டும். மூச்சை விடும்போது, இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பின் பிடி கூடி இதயத் துடிப்பு சற்றுத் தணிகிறது. படபடப்பு குறைவதற்கு இதுவும் ஒரு காரணம். மூச்சை அடக்கி வைக்கும் பயிற்சிகளை ஆசிரியர் இல்லாமல் தொட வேண்டாம். இரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

எவ்வளவு நேரம்? ஐந்து நிமிடம். சிரிக்காதீர்கள். அரை மணி நேரம் என்று தொடங்கியதால்தான் ஒரு வாரத்தில் நின்றது. 'இதுகூடவா செய்ய முடியாது' என்று உங்களுக்கே வெட்கமாக இருக்கும் அளவுக்குச் சின்னதாக இருக்கட்டும். பிறகு நேரம் தானாக நீளும், நீளாவிட்டாலும் நட்டமில்லை.

கடிகாரத்தைப் பார்த்து உட்காராதீர்கள் என்பதை மட்டும் அழுத்திச் சொல்வேன். ஷிப்டு மாறுகிற வாழ்க்கையில் 'தினமும் ஆறு மணிக்கு' என்பது நடக்காது. நேரம் மாறினாலும் மாறாத ஒரு வேலை எல்லோருக்கும் உண்டு: குளிப்பது, விளக்கேற்றித் திருநீறு பூசுவது, வண்டியை ஸ்டாண்டு போடுவது. அதன் வாலில் இதைக் கட்டிவிடுங்கள். நான் குளித்துவிட்டு, ஈரத் தலையைத் துவட்டிய துண்டோடு அப்படியே உட்கார்ந்துவிடுவேன். ஆரம்பத்தில் மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனம்மணி, உட்கார்ந்துகொண்டே தூங்குகிறாயா?" என்பார். இப்போது நான் உட்காராமல் அடுப்படிக்குப் போனால், "இன்றைக்குக் கண்ணை மூடவில்லையா கண்ணு?" என்று அவரே கேட்கிறார். வீட்டில் இப்படி ஒருவர் இருப்பது எந்தச் செயலியும் தராத நினைவூட்டல்.

'21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும்' என்று வாட்ஸ்அப்பில் உங்களுக்கும் வந்திருக்கும். அமெரிக்காவில் பிளாஸ்டிக் அறுவை சிகிச்சை செய்த மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற மருத்துவர், தம் நோயாளிகள் மாறிய முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960இல் எழுதினார். அது நாளடைவில் எல்லாப் பழக்கத்துக்கும் விதி போல ஆகிவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் உடனிருந்தவர்களும் 96 பேரைக் கொண்டு ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட முடிவு வேறு. ஒரு புதிய செயல் யோசிக்காமலே நடக்கத் தொடங்கச் சராசரியாக 66 நாள் ஆகிறது. ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை. அவர்கள் கண்ட இன்னொன்றுதான் உங்களுக்கு வேண்டியது: இடையில் ஒரு நாள் விட்டுப்போவதால் பழக்கம் உருவாவது பெரிதாகக் கெடுவதில்லை. ஷிப்மெண்ட் நாளில் உட்கார முடியவில்லையா, விடுங்கள். மறுநாள் குளிக்கத்தானே போகிறீர்கள்.

பலன் பற்றியும் அளவோடு எதிர்பாருங்கள். ஜான் கபாட்-சின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், தீராத வலியோடு வந்தவர்களுக்காக எட்டு வாரப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். இன்று மருத்துவமனைகளில் தியானம் நுழைந்திருப்பதற்கு அது பெரிய காரணம். 2014இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் மொத்தம் 3,515 பேர் பங்கேற்ற 47 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் சிறியதிலிருந்து மிதமானது வரை முன்னேற்றம் தெரிந்தது. மருந்தையோ உடற்பயிற்சியையோவிட இது மேலானது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. சர்க்கரை நோயை விரட்டும், தொழிலில் கோடி கொட்டும் என்று மேடை போட்டுச் சொல்கிறவர்களிடம் பணம் கட்டும் முன் இதை ஒரு முறை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியரிடம் கற்க விரும்பினால் நம் பக்கம் பஞ்சமில்லை. வெள்ளியங்கிரி அடிவாரத்தில் ஈஷா யோக மையம் இருக்கிறது. பேசாமல் பத்து நாள் தங்கிப் பழகும் விபாசனா முகாமும் உண்டு. ஆனால் முதல் படியே அதுவாக இருக்க வேண்டாம் என்பது என் எண்ணம், உங்களுக்குப் பத்து நாள் லீவும் கிடைக்காது. சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு ஞாயிறு காலை போய்வரத் தோதானது மனவளக்கலை மன்றம். கொங்கு நாட்டில் ஓரளவு பெரிய ஊர்கள் எதிலும் அந்தப் பலகையைப் பார்க்கலாம். மனவளக்கலையை உருவாக்கிய வேதாத்திரி மகரிஷி 1911இல் கூடுவாஞ்சேரியில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். தாமே தறி போட்டுத் தொழில் செய்தவர். பின்னாளில் பொள்ளாச்சி அருகே ஆழியாறில் அறிவுத் திருக்கோயிலை அமைத்தார். குடும்பத்தையும் தொழிலையும் விட்டுவிட்டு வா என்று சொல்லாதவர் என்பதால்தான் எங்கள் பக்கத்து நெசவாளர் வீடுகளுக்குள் அவர் அவ்வளவு எளிதாக நுழைந்தார் என்று நினைக்கிறேன். முதலில் கை, கால், மூச்சு, கண் என்று எளிய உடற்பயிற்சி. பிறகு புருவ மத்தியில் கவனம் வைக்கும் ஆக்கினைத் தவம். ஒருவருக்கொருவர் 'வாழ்க வளமுடன்' என்று சொல்வது தொடக்கத்தில் கூச்சமாக இருக்கும். போகப் போகப் பழகிவிடும்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டதில் தவத்தைவிடப் பயன்பட்டது கவலையைப் பிரிக்கும் முறை. கவலைகளை அவர் நான்காக வகுக்கிறார்: அனுபவித்தே தீர வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, அலட்சியம் செய்து ஒதுக்க வேண்டியவை, உடனே முடிக்க வேண்டியவை. உட்கார்ந்ததும் மனம் மூச்சில் நிற்கவில்லை, தலைக்குள் ஒரே இரைச்சல் என்றால் நான் எண்ணுவதை விட்டுவிட்டு ஒரு பழைய கணக்கு நோட்டில் நான்கு கட்டம் போடுவேன். மாமனாரின் முட்டி வலி முதல் கட்டம். மகளின் கல்லூரிச் சேர்க்கை, அது அடுத்த ஆண்டுதான், இரண்டாவது. நாத்தனார் கல்யாண வீட்டில் சொன்ன ஒரு சொல், மூன்றாவது. அதை மூன்றாவதில் எழுதவே எனக்கு வெகு நாள் ஆனது. ஜிஎஸ்டி கணக்கு, சீட்டுப் பணம், நான்காவது. எழுதி முடித்துப் பார்த்தால் நான்காவது கட்டத்தில் பெரும்பாலும் இரண்டு வரிதான் இருக்கும். அதைச் செய்துவிட்டு வந்து உட்கார்ந்தால் மூச்சு தானாகக் கிடைக்கும். சில நாள் அந்தக் கட்டங்களே அன்றைய தியானம்.

உட்காரவே பிடிக்காதவர்கள் நடக்கலாம். தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போனவர்களுக்கு இது புதிதல்ல. புறப்பட்ட அன்று பேச்சு நிற்காது, அடுத்த நாள் பேச்சு வற்றி, காலடி மட்டும் மிஞ்சும். சென்னிமலைக்குப் பஸ்ஸில் ஏறாமல் 1,320 படியிலும் ஏறிப் பாருங்கள், கைபேசியைப் பையில் போட்டுவிட்டு, மூக்கால் மட்டும் மூச்சு விட்டபடி. மூச்சு வாய்க்கு வந்துவிட்டால் நின்றுகொள்ள வேண்டும். அவ்வளவுதான் விதி. இல்லையென்றால் ஆனி, ஆடியில் மொட்டைமாடிக்குப் போங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று காற்றாலைகளை மட்டும் சுற்றுவதில்லை. முகத்தில் அது எங்கே படுகிறது, எங்கே படவில்லை, எப்போது ஒரு கணம் ஓய்கிறது என்று பார்த்தபடி நின்றால் கண்ணை மூடவே தேவையில்லை.

சாப்பாட்டையும் விட்டுவிட வேண்டாம். முழுச் சாப்பாட்டையும் நிதானமாக மென்று தியானமாகச் சாப்பிடுங்கள் என்றால் கம்பெனி மணி அடித்துவிடும். முதல் மூன்று வாய் போதும். அரிசிம்பருப்புச் சாதத்தில் ஊற்றிய நெய்யின் மணம், கடித்த சின்ன வெங்காயம், சூடு. பிறகு நான்காவது வாயில் கைபேசியைத் தூக்கிக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. கண்ணை மூடி உட்கார்ந்தால் சிலருக்கு அமைதிக்குப் பதில் பயம் வரும், பழைய அதிர்ச்சிகள் மேலே வரும், நெஞ்சு அடைப்பது போல இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு தொடர வேண்டாம். கண்ணைத் திறந்து, காலைத் தரையில் ஊன்றி, எழுந்து நடங்கள். திரும்பத் திரும்ப வந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416. எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். ஏற்கெனவே மருந்து சாப்பிடுகிறவர்கள் 'தியானம் பழகிவிட்டேன்' என்று தாமாக நிறுத்திவிடக் கூடாது. எந்த மன்றத்தில் யார் சொன்னாலும் சரி.

கைபேசிச் செயலி வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு அலாரம் போதும். செயலியைத் திறக்கக் கைபேசியை எடுத்தால் ஆர்டர் கொடுத்த பையரின் மெயிலும் கட்டிங் மாஸ்டரின் தவறிய அழைப்பும் அங்கேதான் காத்திருக்கும். அலாரத்தை வைத்துவிட்டுத் திரையைக் கவிழ்த்துப் போடுங்கள். முடிந்தால் பக்கத்து அறையில் வைத்துவிடுங்கள், அடிக்கும்போது எழுந்து போய் அணைத்துக்கொள்ளலாம்.