‘வெறும்’ டெலிபோன் எஞ்சினியர்

அன்புள்ள ஐயா,

டாமி ஃப்ளவர்ஸ் பற்றிப் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். வெறும் டெலிபோன் எஞ்சினியர் ஒருவர், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய சங்கேதத்தை உடைக்க உதவிய கொலோசஸ் போன்ற கம்ப்யூட்டரை எப்படிக் கட்டினார்? கொத்தனார் மகன் என்பதால்தான் கணித மேதை ஆலன் டூரிங் அளவுக்குப் பேர் கிடைக்கவில்லையா? என் மகன் பிளஸ் டூ. எலெக்ட்ரானிக்ஸ் சேர்க்கலாமா, கம்ப்யூட்டர் சயின்ஸா?

ஆர்., முத்தியால்பேட்டை

அன்புள்ள ஆர்.,

பேர் விஷயத்தை விடுங்கள். போர் முடிந்ததும் கொலோசஸ் வரைபடங்களை எரிக்கச் சொன்னார்கள். தான் வேலை பார்த்த லண்டன் டாலிஸ் ஹில் ஆய்வுக்கூடத்தின் உலையில் ஃப்ளவர்ஸே போட்டு எரித்தார். 1970கள் வரை எல்லாம் ரகசியம். பிறகு எங்கிருந்து பேர் வரும்?

எனக்குச் சுருக்கென்று தைத்தது அந்த ‘வெறும்’. உங்களை அறியாமல் எழுதியிருப்பீர்கள். அதனால்தான் கோபமே வருகிறது.

என் சித்தப்பா கடலூரில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் டெக்னீஷியன். புதுப்பாளையம் வீட்டில் அவருடைய வால்வு ரேடியோவை, அதாவது டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழல் ரேடியோவை, நான் அணைத்து அணைத்துப் போட்டால் ஓடி வருவார். "படக்கு படக்குன்னு போடாதடா, சூடாகி ஆறி சூடாகித்தான் வால்வு சாகும்." பிறகு பின்பலகையைக் கழற்றி, வால்வுக்குள் இழை மெல்லச் சிவப்பதைக் காட்டுவார். ரேடியோவின் முதுகில் விபூதி மாதிரி தூசு.

ஃப்ளவர்ஸ் வென்றது இதே அறிவால்தான். ஜெர்மானியரின் லோரென்ஸ் சங்கேதத்தை உடைக்க ஏறத்தாழ 1,600 வால்வு வைத்த யந்திரம் என்று அவர் சொன்னபோது, பிரிட்டனின் சங்கேதம் உடைக்கும் மையமான பிளெட்ச்லி பார்க்கில் நம்பவில்லை. நாலு நிமிஷம் ஓடினால் ஐந்தாவது நிமிஷம் ஏதாவது ஒரு வால்வு போய்விடும் என்ற பயம். பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் டெலிபோன் ஆய்வில் வால்வுகளோடு புழங்கியவர் அவர். அணைக்காமல் விட்டால் அவை நிலைக்கும் என்று அவருக்குத் தெரியும். எக்ஸ்சேஞ்சை ராத்திரி யாராவது அணைப்பார்களா? 1944 ஜனவரியில் பிளெட்ச்லிக்கு வந்த கொலோசஸ், காகித நாடாவில் நொடிக்கு 5,000 எழுத்து படித்தது. கணிதம் பிளெட்ச்லியின் கணிதவியலாளர் மாக்ஸ் நியூமன் குழுவுடையது, மறுக்கவில்லை. ஆனால் அது நின்று ஓடியது டெலிபோன்காரரின் கைப்பழக்கத்தில். போருக்குப் பின் இன்னொன்று கட்ட வங்கிக் கடன் கேட்டார். அப்படி ஒரு யந்திரம் ஓடாது என்று மறுத்துவிட்டார்கள். ஓடியதைச் சொல்லவும் அவருக்கு அனுமதியில்லை. இதை எப்போது நினைத்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

இனி அந்தச் சொல்லை எழுதாதீர்கள், ஆர்.

மகன் எதில் வேண்டுமானாலும் சேரட்டும். சித்தப்பாவின் ஸ்க்ரூடிரைவர் பெட்டி என்னிடம்தான் இருக்கிறது, ரேடியோவும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைக் கடலூருக்கு அழைத்து வாருங்கள். பின்பலகையை அவனே கழற்றட்டும்.