இத்தாலியை விரட்டிய கிரேக்க ராணுவம் ஜெர்மனியிடம் ஏன் சரணடைந்தது? அந்த வீரர்கள் பிறகு என்ன ஆனார்கள்?

கேள்வியின் இரண்டாம் பாதிக்குத்தான் அதிகம் சொல்லப்போகிறேன். இரண்டாம் உலகப் போரைப் படிக்கும் பலர் 1941 ஏப்ரலோடு கிரேக்க வீரனை மறந்துவிடுகிறார்கள். அது எனக்கு அநியாயமாகவே படுகிறது.

1940 அக்டோபர் 28, அதிகாலை மூன்று மணிக்கு இத்தாலியத் தூதர் பிரதமர் மெட்டாக்சாஸை எழுப்பி, எங்கள் படையை உள்ளே விடுங்கள் என்று கெடு வைத்தார். மெட்டாக்சாஸ் மறுத்தார். கெடு முடிவதற்குள்ளேயே, இத்தாலியின் பிடியில் இருந்த அல்பேனியாவின் எல்லையில் பீரங்கிகள் முழங்கின. வடமேற்குக் கிரேக்கத்தின் பிண்டஸ் மலையில் கிரேக்கக் கர்னல் டவாகிஸிடம் இருந்தவர்கள் சுமார் 2,000 பேர். காக்கவேண்டிய எல்லையோ 35 கிலோமீட்டர். எதிரே வந்தது இத்தாலியின் மலைப்படையான ஜூலியா டிவிஷன். பாதை இல்லாத சரிவுகளில் ஊர்ப்பெண்கள் குண்டுப்பெட்டிகளை முதுகில் சுமந்து ஏறினார்கள். நெஞ்சில் குண்டு பாய்ந்து டவாகிஸ் விழுந்தார், ஆனாலும் படை பின்வாங்காமல் நின்றது. நவம்பர் 22-இல் அல்பேனியாவுக்குள் இருக்கும் கோர்ச்சா நகரமே கிரேக்கர் கைக்கு வந்துவிட்டது.

அந்தக் குளிர்காலத்தில் இத்தாலியர் சுட்டதைவிடப் பனி செய்த சேதம் கொடுமை. கால்விரல் கறுத்து, பாதம் அழுகி, ஆயிரக்கணக்கானோர் காலையே இழந்தார்கள்.

சரணடைந்தது ஏன் என்றால், படையின் பெரும்பகுதி அல்பேனிய மலைகளில் மாட்டிக்கொண்டிருந்தது. 1941 ஏப்ரல் 6-இல் ஜெர்மனி பல்கேரியா வழியாக இறங்கியது. பல்கேரிய எல்லையில் இருந்த ரூப்பெல் கோட்டைக்காரர்கள் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் பக்கத்தில் யூகோஸ்லாவியாவின் தெற்குப் பகுதி சரிந்ததும் அந்த வழியாக ஜெர்மன் டாங்கிகள் சுற்றிவந்து, ஏப்ரல் 9-இல் தெசலோனிக்கியைப் பிடித்துவிட்டன. அல்பேனியாவிலிருந்து முன்பே பின்வாங்கியிருக்கலாமே என்று விமர்சிப்பவர்கள் உண்டு. அது வரைபடத்தைப் பார்த்துச் சொல்லும் வாதம். உயிரைக் கொடுத்துப் பிடித்த மலையை, தோற்ற இத்தாலியனிடம் விட்டுவிட்டு இறங்கு என்று எந்தத் தளபதியால் எளிதாகச் சொல்ல முடியும்?

ஏப்ரல் 20-இல், அல்பேனிய முனையில் இருந்த கிரேக்க ஜெனரல் ட்சோலாகோக்லு, மேலிடத்து அனுமதி இல்லாமலேயே ஜெர்மானியரிடம் சரணடைந்தார். இத்தாலியர் கையில் சிக்கக்கூடாது என்பதே அவர் கணக்கு. முசோலினி விடவில்லை. மூன்றே நாளில் இத்தாலியரையும் சேர்த்து மறுபடி கையெழுத்து வாங்கினார்கள். பிறகு அதே ட்சோலாகோக்லு ஆக்கிரமிப்பாளர்களின் பொம்மை அரசுக்குப் பிரதமரானார். சரணடைந்ததையாவது என்னால் புரிந்துகொள்ள முடிகிறது, இதை முடியவில்லை.

வீரர்களைப் பெரும்பாலும் சிறைவைக்கவில்லை, வீட்டுக்குப் போ என்று விட்டுவிட்டார்கள். ரயில் இல்லை, சோறு இல்லை, நடந்தே போனார்கள். கிரீட் தீவின் ஐந்தாம் டிவிஷன் வீரர்களுக்கு நடந்துபோகவும் வழியில்லை, நடுவில் கடல். மே 20-இல் அவர்கள் ஊரில் பாராசூட் படை இறங்கியபோது, கிழவர்களும் பெண்களும் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு எதிர்த்தார்கள். தீவின் சொந்தப் படையோ பெருநிலத்தில் தவித்துக்கொண்டிருந்தது. அவர்களில் பலர் ஏதென்ஸ் தெருக்களில் கையேந்தும் நிலைக்கு வந்தார்கள். 1941-42 பஞ்சம் அதே தெருக்களில் மக்களைக் கொத்துக்கொத்தாகக் கொன்றது. அல்பேனியாவில் கால் இழந்தவர்கள் ஊன்றுகோலோடு ஆக்கிரமிப்பு எதிர்ப்பு ஊர்வலங்களில் நடந்தார்கள்.

டவாகிஸின் கதை இதைவிட வலிக்கும். காயம் முழுதாக ஆறாத அவரை 1942 டிசம்பரில் இத்தாலியர் கைதுசெய்து, மற்ற அதிகாரிகளோடு கப்பலில் ஏற்றினார்கள். 1943 ஜனவரியில் நேச நாட்டு நீர்மூழ்கி ஒன்று, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாமலே அதை மூழ்கடித்தது. டவாகிஸும் மாண்டார்.

தப்பியவர்களும் உண்டு. ஆவெரோஃப் என்ற பழைய போர்க்கப்பலை மூழ்கடித்துவிடும்படி உத்தரவு வந்தது. மாலுமிகள் அதை மீறி அலெக்சாந்திரியாவுக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் கப்பல் பிறகு நம் பம்பாய்க்கு வந்து, இந்தியப் பெருங்கடலில் சரக்குக் கப்பல்களுக்குக் காவல் போயிருக்கிறது! எகிப்தில் திரட்டப்பட்ட கிரேக்கப் படையணி எல் அலமைனில் போரிட்டது.

ஊரில் இருந்தவர்கள் மலையேறினார்கள். 1942 நவம்பர் 25 இரவு, ஒன்றையொன்று நம்பாத எலாஸ், எடெஸ் என்ற இரு கொரில்லாப் படைகளும் பிரிட்டிஷ் வெடிகுண்டு நிபுணர்களும் சேர்ந்து கோர்கோபொட்டமோஸ் ரயில் பாலத்தைத் தகர்த்தார்கள். அப்படி அவை ஒன்றுசேர்ந்தது அபூர்வம். பின்னர் தங்களுக்குள்ளேயே சுட்டுக்கொண்டன. கொரில்லாக்கள் ஜெர்மானியரை அடித்தால் விலை கொடுத்தது கிராமம்தான். 1943 டிசம்பர் 13-இல் கலாவ்ரிட்டாவில் ஆண்களையும் வளர்ந்த பையன்களையும் மேட்டில் நிறுத்திச் சுட்டுத்தள்ளினார்கள்.

விடுதலைக்குப் பிறகு உள்நாட்டுப் போர். இடதுசாரி எலாஸில் இருந்தவர்கள் பல்லாயிரம் பேர் சிறைக்கும் தீவு முகாம்களுக்கும் போனார்கள். அவர்களின் போராட்டத்தையும் தேசிய எதிர்ப்புப் போர் என்று கிரேக்க அரசு சட்டப்படி ஏற்றது 1982-இல்தான்.