பில் இல்லாத 4090 மலிவாக வருகிறது, வாங்கலாமா?

கேள்வி: என் கணினியில் ரைசன் 5 5600 பிராசசர், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, 650 வாட் பவர் சப்ளை இருக்கின்றன. மானிட்டர் 1440பி. தெரிந்தவர் மூலமாகச் சென்னையில் ஒருவர் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டை 95,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். விளையாட்டுக்கு மட்டும்தான் ஓடியது, மைனிங் செய்யவில்லை, பெட்டி உண்டு, பில் இல்லை என்கிறார். பாதிப் பணம் முன்கூட்டியே அனுப்பினால் பார்சலில் வருமாம். வாங்கலாமா?
வாசகர், திருப்பூர்

பதில்: வேண்டாம். மேற்கொண்டு படிக்க நேரமில்லை என்றாலும், அந்தப் பாதிப் பணத்தை மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.

"மைனிங் செய்யவில்லை" என்ற உத்தரவாதத்தையே எடுத்துக்கொள்வோம். மைனிங் என்ற பெயரில் கிராபிக்ஸ் கார்டுகளை இரவு பகலாக ஓட்டி எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தை எடுத்த காலம் 2022 செப்டம்பர் 15 அன்று முடிந்துபோனது. 4090 விற்பனைக்கு வந்ததே அதற்கு அடுத்த மாதம். எனவே இந்தக் கார்டை யாரும் அந்த வேலைக்குப் போட்டிருக்க வாய்ப்பே இல்லை. முந்தைய தலைமுறைக் கார்டுகளான 3080, 3090 விற்ற நாட்களில் மனப்பாடம் செய்த வசனம் இது. கார்டு மாறியும் வசனம் மாறவில்லை, அவ்வளவுதான்.

4090 விஷயத்தில் பயப்பட வேண்டியது வேறொன்று. இதன் சிப்புக்கும் 24 ஜிபி மெமரிக்கும் செயற்கை நுண்ணறிவு வேலைகளில் கடும் கிராக்கி. அதனால் இரண்டையும் பெயர்த்தெடுத்து வேறு பலகையில் பொருத்தி விற்கிறார்கள். மிச்சமிருக்கும் வெற்றுப் பலகையை ஹீட்சிங்கோடு சேர்த்துத் திருகிப் பெட்டியில் வைத்துவிட்டால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. விசிறி அசல், ஸ்டிக்கர் அசல், கையில் எடுத்தால் கனமும் அப்படியே இருக்கும். இப்படிச் சிப் இல்லாத கார்டுகள் வெளிநாடுகளில் பழுதுபார்ப்பவர்களின் மேசைக்கு வந்திருக்கின்றன. "என்னிடம் பெரிய பவர் சப்ளை இல்லை, ஓட்டிக் காட்ட முடியாது" என்று ஒருவர் சொன்னால், அங்கேயே கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும்.

நடுவில் நிற்கும் "தெரிந்தவர்" இதைவிடப் பெரிய தலைவலி. பார்சலைப் பிரித்துப் பார்த்து, கார்டு உயிரில்லாமல் கிடந்தால் என்ன நடக்கும்? விற்றவர் கூரியரைக் கைகாட்டுவார். கூரியர்காரர் பேக்கிங் சரியில்லை என்பார். தெரிந்தவரோ, "நான் அறிமுகம்தானே செய்துவைத்தேன்" என்பார். கமிஷன் வாங்கும்போது அவர் வெறும் அறிமுகமாக இருந்திருக்க மாட்டார்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஆசை விடவில்லை என்றால், சென்னைக்கு ரயில் ஏறி நேரில் போய்ப் பாருங்கள். கார்டின் விளிம்பில் மின்சாரம் ஏறும் 16 பின் கனெக்டரைக் கைபேசி விளக்கை அடித்துப் பாருங்கள். துளைகளின் ஓரம் கூர்மையாக, ஒரே கறுப்பாக இருக்க வேண்டும். ஏதாவது ஒரு துளையின் வாய் உருகி வளைந்திருந்தாலோ, உள்ளே உலோகம் பழுப்பேறியிருந்தாலோ, தொடாதீர்கள். 450 வாட் இழுக்கும் கார்டு இது. கேபிள் முழுதாக உள்ளே போகாமல் ஓடினால் அந்த இடம்தான் முதலில் வெந்துபோகும். கார்டைத் தாய்ப்பலகையில் செருகும் பொன்னிறப் பகுதியின் முனையிலுள்ள கொக்கிக்கு அருகே முடி போன்ற விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். தாங்கு இல்லாமல் மாதக்கணக்கில் தொங்கிய கனமான கார்டுகள் அங்கேதான் விண்டுபோகின்றன.

பிறகு ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறக்கச் சொல்லுங்கள். ஏடி102 சிப், 16,384 ஷேடர்கள், 24 ஜிபி மெமரி என்று காட்ட வேண்டும். கனமான விளையாட்டு ஒன்றை அரை மணி நேரம் ஓட்டி, திரையில் புள்ளிகளோ கோடுகளோ வருகின்றனவா என்று கவனியுங்கள். மெமரியின் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டினால் உள்ளே சூட்டைக் கடத்தும் பேட் காய்ந்திருக்கலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கார்டு உங்களுக்குத் தேவையே இல்லை. வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். நீங்கள் அதிகம் ஆடும் விளையாட்டில் ரெசல்யூஷனையும் எல்லா அமைப்புகளையும் அடிமட்டத்துக்கு இறக்குங்கள். அப்போது கார்டுக்கு வேலை குறைந்துவிடும். வினாடிக்கு எத்தனை பிரேம், அதாவது எத்தனை படம், வரும் என்பதை உங்கள் பிராசசர்தான் முடிவு செய்யும். எந்தக் கார்டைப் போட்டாலும் ஏறக்குறைய அதுதான் உச்சவரம்பு. 5600-ஐ வைத்துக்கொண்டு 1440பி திரையில் 4090 போட்டால், பல விளையாட்டுகளில் கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும். காசை மட்டும் முழுதாகக் கொடுத்திருப்பீர்கள்.

உங்கள் 650 வாட் பவர் சப்ளையும் 4090-க்குப் போதாது. இதை வடிவமைத்த என்விடியா கேட்பது 850 வாட். வீட்டில் சாதாரண 600 விஏ யுபிஎஸ் இருந்தால் அதையும் மறந்துவிடுங்கள். விளையாட்டின் நடுவில் கரண்ட் போனால் அந்தச் சுமையை அது தாங்காது.

1440பி திரைக்கு, 16 ஜிபி மெமரி உள்ள ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ அல்லது ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி போதும். இரண்டும் 300 வாட் அளவில்தான் இழுக்கும். 750 வாட் பவர் சப்ளை போதுமானது. வெறும் 5070-ஐக் காட்டி "4090-க்குச் சமம்" என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிடுங்கள். 2025 ஜனவரியில் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங் மேடையில் சொன்னது அது. ஒரு உண்மையான பிரேமுக்கு மூன்று பிரேம்களை மென்பொருள் இட்டுக்கட்டிச் சேர்த்த கணக்கு. பிரேம் எண்ணிக்கை ஏறும். மவுசை நகர்த்தியதற்குத் திரை பதில் சொல்லும் வேகம் ஏறாது.

புதுக் கார்டு வாங்குபவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா என்றால், பெரும்பாலும் ஆம். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கண்ணைத் திறந்துகொள்ளுங்கள். 2025 பிப்ரவரியில் 5090, 5070 டிஐ கார்டுகள் சிலவற்றில் ஆர்ஓபி எனப்படும் பகுதிகள் குறைவாக இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். படத்தின் புள்ளிகளைத் திரைக்கு எழுதி முடிக்கும் பகுதி அது. பாதிக்கப்பட்டவை அரை சதவீதத்துக்கும் குறைவு, வேகம் சராசரியாக 4 சதவீதம் குறையும் என்று என்விடியாவே ஒப்புக்கொண்டது. பிறகு 5080-இலும் இதே குறை தலைகாட்டியது. 5070 டிஐயில் 96 ஆர்ஓபி இருக்க வேண்டும், குறையுள்ளதில் 88. 5080-இல் 112-க்குப் பதில் 104. 5090-இல் 176-க்குப் பதில் 168. கார்டு ஓடும், படம் வரும், சூடும் ஏறாது. அதனால் ஆயுள் முழுக்கத் தெரியாமலே போகலாம். தொழிற்சாலையைவிட்டு வெளியே வருவதற்குள் பிடிபட வேண்டிய குறை இது. எண்ணிப் பார்க்கும் வேலையை வாங்கியவன் தலையில் கட்டினார்கள். குறை இருந்தால் கார்டு தயாரித்த நிறுவனத்தைப் பாருங்கள் என்று கைகாட்டியும் விட்டார்கள். இப்போது கடையில் இருக்கும் சரக்கில் இது வர வாய்ப்பு மிகக் குறைவு. ஆனாலும் முதல் நாளே ஜிபியு-இசட்டில் அந்த ஓர் எண்ணைப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

கார்டோடு பெயர் தெரியாத பவர் சப்ளையையும் வாங்கினால்தான் தருவேன் என்னும் கடைக்குப் போகாதீர்கள். பில் இல்லாமல் 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்பவரிடமும் வேண்டாம். துபாயிலிருந்து பையில் வந்த கார்டு மலிவுதான். பழுதானால் "இது இந்தியச் சரக்கு இல்லை" என்று சர்வீஸ் சென்டரில் திருப்பி அனுப்புவார்கள். இந்தியச் சரக்குக்கே கடை, விநியோகஸ்தர், சர்வீஸ் சென்டர் என்று மூன்று வாசல் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. என் வாடிக்கையாளர் ஒருவரின் கார்டு "குறை எதுவும் இல்லை" என்ற சீட்டோடு, கட்டியனுப்பிய முடிச்சுகூட அவிழாமல் திரும்பி வந்தது.

பில்லில் கார்டின் சீரியல் நம்பரை எழுதி வாங்குங்கள். பெட்டியைப் பிரிப்பதை வெட்டில்லாமல் வீடியோ எடுங்கள். வாரண்டியில் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. போன் செய்யும்போது பில்லும் வீடியோவும் கையில் இருக்கட்டும். முதலில் அவற்றைத்தான் கேட்பார்கள்.