விடியற்காலை வியர்வை: நச்சு இல்லை, தாழ்சர்க்கரை

கேள்வி: என் கணவருக்கு 61 வயது. 9 வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார். மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்று பயந்து, 2 மாதமாகச் சிறுகுறிஞ்சான் பொடியும் சேர்த்து எடுக்கிறார். எலிகளுக்குக் கொடுத்து நிரூபித்துவிட்டார்களாம். நாக்கில் இனிப்பு தெரிவதில்லை, மலம் பச்சையாகப் போகிறது. சில நாள் விடியற்காலையில் வியர்த்துக் கை நடுங்குகிறது. நச்சு வெளியேறுகிறது என்கிறார். மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: நச்சும் இல்லை, ஒன்றும் இல்லை அம்மா. தூக்கத்தில் அவருக்குச் சர்க்கரை தாழ்ந்துபோகிறது என்றே நினைக்கிறேன். பொடியை இன்றே நிறுத்துங்கள். அடுத்த முறை வியர்த்தால் எழுப்பி, விரலில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். கருவி இல்லையென்றால் தேடிக்கொண்டிருக்காமல் சர்க்கரையைக் கொடுத்துவிடுங்கள். பேச்சு குழறினாலோ, எழுப்பியும் எழாவிட்டாலோ வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். கிளிமிபிரைடு உடம்பில் நெடுநேரம் நிற்கும் மருந்து. ஏறிய சர்க்கரை சில மணி நேரத்தில் மறுபடி இறங்கலாம். அதனால் சரியாகிவிட்டதென்று படுத்துவிடாமல் ஏதாவது சாப்பிட வையுங்கள். நாளைக் காலை கிளிமிபிரைடைப் போடுவதற்கு முன்பே உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். அளவை மாற்ற வேண்டியிருக்கும். அதை நீங்களாகச் செய்ய வேண்டாம்.

நாக்கும் மலமும் கவலைப்படும் விஷயமே இல்லை. சிறுகுறிஞ்சான் நாக்கில் இனிப்பு தெரியாமல் செய்யும். பச்சை இலைப்பொடி தின்றால் மலம் பச்சையாகத்தான் போகும்.

எலி ஆராய்ச்சியை நான் குறைத்துப் பேசவில்லை. மெட்ஃபார்மினுக்கே மூலம் கலீகா என்கிற ஒரு செடிதான். அதிலிருந்த பொருள் சர்க்கரையைக் குறைத்தது, ஆனால் நச்சுத்தன்மை இருந்தது. அதே வகையில் ஆய்வகத்தில் உருவாக்கிய மெட்ஃபார்மினை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவை 1957-ல்தான் பாரிஸில் ஜான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் வெளியிட்டார். எலி என்பது முதல் படி. ஸ்ட்ரெப்டோசோடோசின் ஊசி போட்டு அதன் இன்சுலின் செல்களை அழித்துவிட்டு, எடைக்கு எடை அளந்து சாறு கொடுப்பார்கள். உங்கள் கணவர் நோய் அப்படி வந்ததல்ல. பொட்டலப் பொடியில் எந்த ஸ்பூனில் எவ்வளவு சத்து என்பதும் யாருக்கும் தெரியாது. மூலிகைப் பொடியில் சர்க்கரை மாத்திரையையே கலந்து விற்றதுகூடப் பிடிபட்டிருக்கிறது.

மனிதர்களிடமும் பார்த்திருக்கிறார்கள். 1990-ல் வெளிவந்த சென்னை ஆய்வொன்றில் 22 பேருக்கு, மாத்திரையோடு தினம் 400 மில்லிகிராம் சிறுகுறிஞ்சான் சாறு, 18 முதல் 20 மாதம். மாத்திரையின் அளவைக் குறைக்க முடிந்தது, 5 பேருக்கு நிறுத்தவே முடிந்தது. சிறிய ஆய்வு, அதை வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனால் இலை வேலை செய்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அங்கே சர்க்கரையைப் பார்த்துப் பார்த்து மாத்திரையைக் குறைத்தார்கள். உங்கள் வீட்டில் பொடி கூடியது, மாத்திரை அப்படியே இருக்கிறது. ஆபத்து அதில்தான்.

கிட்னி பயத்துக்கு வருகிறேன். மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுப்பதில்லை. வருடக்கணக்கில் ஏறி நிற்கும் சர்க்கரையும் ரத்த அழுத்தமும்தான் கெடுக்கின்றன. கிட்னி ஏற்கெனவே தளர்ந்திருந்தால் மெட்ஃபார்மினைக் குறைப்போம், நிறுத்துவோம். அப்படித் தளர்ந்தவர்களுக்குத்தான் கிளிமிபிரைடால் சர்க்கரை இன்னும் எளிதாகத் தாழும். அதனால் கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டும் இரண்டு பரிசோதனைகளை, ரத்தத்தில் கிரியாட்டினினும் சிறுநீரில் ஆல்புமினும், இந்த வாரமே பாருங்கள். போகும்போது பொடிப் பொட்டலத்தையும் எடுத்துப் போங்கள். திட்டுவாரோ என்று மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.