ஃபாலோ பேக் செய்யாதவர்களை நீக்க பிரவுசர் கன்சோலில் (கட்டளை எழுதும் பெட்டி) ஒட்டும் ஸ்கிரிப்ட் பாதியில் நின்றுவிடுகிறது. வேகமாக முடிக்க வழி உண்டா?

இதில் இரண்டு வேலை இருக்கிறது. யாரை நீக்குவது என்று கண்டுபிடிப்பது ஒன்று, பொத்தானை அழுத்துவது இன்னொன்று. நேரத்தை விழுங்குவது முதலாவதுதான். அதை ஸ்கிரிப்டிடம் விடுங்கள், அழுத்துவதைக் கையால் செய்யுங்கள்.

ஸ்கிரிப்ட் நிற்பதற்குக் காரணம் பல. எக்ஸ் போன்ற தளங்களில் பட்டியல் முழுவதும் ஒரே நேரத்தில் பக்கத்தில் இருக்காது. ஸ்க்ரோல் செய்யச் செய்யக் கீழே புது வரிகள் வரும், மேலே போனவை அகற்றப்படும். தொடக்கத்தில் திரட்டிவைத்த பொத்தான்கள் கொஞ்ச நேரத்தில் செத்த பொத்தான்கள். உறுதிசெய்யக் கேட்கும் பெட்டி சற்றுத் தாமதமாக வந்தால், அதைத் தேடும் அடுத்த வரி வெறுங்கையோடு திரும்பும். பொத்தானின் ஆங்கில எழுத்தை வைத்துத் தேடும் ஸ்கிரிப்ட், தளத்தின் மொழியைத் தமிழுக்கு மாற்றியிருந்தால் ஒன்றையுமே காணாது. வேறு டேபுக்குப் போய்விட்டாலும் சிக்கல்: மறைந்திருக்கும் டேபில் ஸ்கிரிப்டின் அடுத்த அடியைத் தொடங்கும் டைமரை குரோம் நொடிக்கு ஒருமுறையாகக் குறைக்கும், 5 நிமிடத்துக்கு மேல் மறைந்திருந்தால் நிமிடத்துக்கு ஒருமுறை வரைகூட இறக்கும்.

இவற்றையெல்லாம் சரிசெய்யலாம். எத்தனை முறை அன்ஃபாலோ செய்கிறீர்கள் என்று தளத்தின் சர்வர் எண்ணுவதை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. கன்சோலுக்கு அருகில் உள்ள நெட்வொர்க் பகுதியில் 429 (கோரிக்கைகள் மிக அதிகம்) என்ற பதில் வரத் தொடங்கினால் தளம் உங்களைத் தடுத்துவிட்டது என்று அர்த்தம். சில நேரம் திரையில் பொத்தான் மாறிவிடும், பக்கத்தைப் புதுப்பித்தால் பழைய நிலையில் நிற்கும். அழுத்தல்களுக்கு இடையிலான இடைவெளியைக் குறைத்தால் தடை இன்னும் சீக்கிரம் வரும், அவ்வளவுதான். மொத்தமாக, தானியங்கியாக அன்ஃபாலோ செய்வது எக்ஸின் விதிகளுக்கே எதிரானது, கணக்கு முடங்கலாம்.

இன்ஸ்டாகிராமில் நான் பரிந்துரைக்கும் வழி இது. அமைப்புகளில் உங்கள் தகவலைப் பதிவிறக்கும் வசதி இருக்கிறது. அதில் ஃபாலோயர், ஃபாலோயிங் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து, வடிவத்தை ஜேசன் (JSON, ஸ்கிரிப்ட் எளிதாகப் படிக்கும் உரை வடிவம்) என்றும் காலத்தை முழுக்காலம் என்றும் மாற்றுங்கள். காலத்தைக் கவனிக்காமல் விட்டால் ஓராண்டுக்குரிய பட்டியல் மட்டும் வந்து, பழைய ஃபாலோயர்கள் எல்லாரும் உங்களைக் கைவிட்டதுபோலத் தெரியும். ஃபாலோயர் அதிகம் இருந்தால் ஃபாலோயர் கோப்பு 1, 2 என்று பிரிந்தும் வரும். ஒன்றை விட்டாலும் அதே தவறுதான்.

ஒவ்வொரு கோப்பையும் குரோமில் புது டேபில் இழுத்துப் போட்டு, எஃப்12 அழுத்தி கன்சோலைத் திறங்கள். பக்கத்தின் 'பிரீ' (pre) டேகில் இருக்கும் உரையை ஜேசனாகப் பிரித்து, ஒவ்வொரு பதிவின் இணைப்பிலும் கடைசிச் சாய்கோட்டுக்குப் பின் இருக்கும் பெயரை எடுங்கள். பெயருக்கென இருக்கும் புலத்தை நம்பாதீர்கள், அது இடம் மாறும். இணைப்பு எப்போதும் இருக்கும். எடுத்ததைக் கன்சோலின் 'காப்பி' (copy) கட்டளையால் நகலெடுத்து, மற்ற டேபின் கன்சோலில் ஒட்டலாம். ஃபாலோயர் பெயர்களை ஒரு 'செட்'டில் (Set, ஒரு பெயர் உள்ளதா என்று உடனே சொல்லும் தொகுப்பு) போட்டு, ஃபாலோயிங் பட்டியலை அதோடு வடிகட்டினால் மிஞ்சுபவர்கள்தான் நீங்கள் தேடியவர்கள். ஆயிரக்கணக்கான பெயர் இருந்தாலும் இது கண்ணிமைக்கும் நேரம்தான்.

மிஞ்சியதை எல்லாம் ஸ்கிரிப்டாலேயே டேப் டேபாகத் திறக்கப் பார்க்காதீர்கள், முதல் டேபுக்குப் பிறகு பாப்-அப் தடுப்பான் மறித்துவிடும். இணைப்புகளை வரிசையாக அடுக்கிய ஒரு எளிய பக்கமாகச் சேமித்து, மவுஸின் நடுப்பொத்தானால் பத்துப் பத்தாகத் திறங்கள். நண்பர்களையும், ஃபாலோ பேக் செய்யவே போகாத செய்திப் பக்கங்களையும் அப்போதே விலக்கிவிடலாம். இந்த முடிவை எந்த ஸ்கிரிப்டும் உங்களுக்காக எடுக்காது.

யாரோ கொடுத்த ஸ்கிரிப்டை ஒட்டுவதாக இருந்தால் ஒன்று: குரோம் முதல் முறை ஒட்டவிடாமல், அனுமதிக்கும் சொல்லைக் கையால் தட்டச்சு செய்யச் சொல்வது சும்மா இல்லை. லாகின் ஆன டேபில் ஓடும் ஸ்கிரிப்ட், உங்கள் பெயரில் செய்தி அனுப்புவது உட்பட நீங்கள் செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்யும். உள்ளே 'ஃபெட்ச்' (fetch) என்ற சொல்லோடு வேறு தளத்தின் முகவரியோ, 'இவால்' (eval) என்ற சொல்லோடு புரியாத நீண்ட எழுத்துக்கோவையோ இருந்தால் அந்த டேபில் ஒட்ட வேண்டாம். மேலே சொன்ன ஒப்பீட்டுக்கு லாகினே தேவையில்லை, இணையத்தைத் துண்டித்துவிட்டும் செய்யலாம்.

பட்டியலில் சில இணைப்புகள் 'பக்கம் இல்லை' என்று திறக்கும். அவர்கள் கணக்கை மூடியிருக்கலாம், பெயரை மாற்றியிருக்கலாம், உங்களை பிளாக் செய்தும் இருக்கலாம்.