கேலரிக்குப் பாதி போனால் ஓவியருக்கு என்ன மிஞ்சும்?

கேள்வி: என் கணவர் ஆப்பிரிக்க-அமெரிக்கர், யாரிடமும் பயிலாமல் தாமாகவே ஓவியம் கற்றவர். கிடங்கு வேலை பார்த்துக்கொண்டே, கலைச் சந்தைகளிலும் இன்ஸ்டாகிராமிலும் தம் ஓவியங்களை விற்கிறார். இப்போது ஒரு கேலரி, 50 சதவீதக் கமிஷனுடன், வேறெங்கும் விற்கக் கூடாது என்ற நிபந்தனையும் விதிக்கிறது. இதை நம்பி அவர் வேலையை விடலாமா? நான் மாதச் சம்பளக்காரி.
- வாசகி, அட்லாண்டா

பதில்: 50 சதவீதம் என்பது அமெரிக்கக் கேலரிகளின் வழக்கமான விகிதந்தான். 2,000 டாலருக்கு ஓர் ஓவியம் விற்றால் கைக்கு வருவது 1,000. கேன்வாஸ், மரச்சட்டம், போக்குவரத்துக்கு 250 போனால் 750. சுயதொழில் வரி 15.3 சதவீதம், அதற்கு மேல் மத்திய, மாநில வருமான வரிகள் என்பதால், இதில் 30 சதவீதத்தைத் தனிக் கணக்கில் ஒதுக்கச் சொல்வேன். ஆக, வீட்டுக்கு மிஞ்சுவது 525 டாலர். காலாண்டு முன்வரியைத் தனியே கட்டுவது தொல்லையென்றால், நீங்கள் இருவரும் கூட்டாக வரி தாக்கல் செய்பவர்களாயின், உங்கள் சம்பளத்தில் பிடித்தத்தைக் கூட்டிக்கொண்டாலே போதும்.

என்னை உறுத்துவது அந்த நிபந்தனைதான். அதை அட்லாண்டா வட்டாரத்துக்கும் ஓராண்டுக்கும் மட்டும் என்று சுருக்கக் கேளுங்கள். சந்தையிலும் கேலரியிலும் ஒரே விலை வைப்பதாக நீங்கள் உறுதி கொடுத்தால், பெரும்பாலும் இணங்குவார்கள். விற்ற எத்தனை நாளில் பணம் வரும், தள்ளுபடி யார் பங்கில் கழியும் என்பவையும் எழுத்தில் இருக்கட்டும்.

ஃபுளோரிடாவின் ஃபோர்ட் பியர்ஸ் பகுதியில், பின்னாளில் 'ஹைவேமென்' எனப் பெயர்பெற்ற கறுப்பின ஓவியர்கள், நிறவெறியால் கேலரிக் கதவுகள் அடைபட்டிருந்த 1950களிலிருந்தே, அப்சன் என்ற கட்டுமான அட்டைப் பலகையில் தீட்டிய நிலக்காட்சிகளை, வண்ணம் காயும் முன்பே கார் டிக்கியில் ஏற்றிச் சென்று சுமார் 25 டாலருக்கு விற்றார்கள். இன்று அவை ஆயிரக்கணக்கான டாலருக்குக் கைமாறினாலும், அமெரிக்கச் சட்டம் மறுவிற்பனையில் ஓவியருக்குப் பங்கு தருவதில்லை. ஆகவே ஆண்டுக்கு இரண்டு மூன்று நல்ல ஓவியங்களை விற்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். ஓவியத்தை விற்றாலும், எழுதிக் கொடுக்காதவரை காப்புரிமை, அதாவது அதைப் பிரதியெடுத்து விற்கும் உரிமை, அவருடையதே. அச்சுப் பிரதிகளின் வருமானத்தைக் கேலரிக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டாம்.

வேலையை இப்போதே விட வேண்டாம். வரி போக மிஞ்சும் ஓவிய வருமானமும் உங்கள் சம்பளமும் சேர்ந்து ஓராண்டு முழுதும் குடும்பச் செலவைத் தாங்கி, ஆறு மாதச் செலவுக்கான தொகையும் சேமிப்பில் சேர்ந்த பிறகு விடலாம். அவருக்கு மருத்துவக் காப்பீடு கிடங்கு வழியாக இருந்தால், அது நின்ற 30 நாளுக்குள் உங்கள் நிறுவனத் திட்டத்தில் சேர்க்க விண்ணப்பித்துவிடுங்கள். தவறினால் அடுத்த ஆண்டுச் சேர்க்கைக் காலம் வரை காத்திருக்க நேரும்.