வெறுங்காலில் ஓடலாமா? கேட்டவர்களுக்குப் பதில்

மன்னார்குடி, கல்லூரி மாணவர்: சார், பிகிலா வெறுங்காலிலேயே ஒலிம்பிக் ஜெயிச்சாரே, அப்புறம் ஷூ எதுக்கு?

தம்பி, பாதிக் கதையோடு நிறுத்திட்டீங்க. 1960 ரோம் மாரத்தானில் எத்தியோப்பியாவின் அபெபே பிகிலா 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் வந்தார், அன்றைக்கு அது உலகச் சாதனை. கிடைத்த ஷூ காலுக்குச் சரிப்படவில்லை. வெறுங்காலில் ஓடிய பழக்கமும் இருந்தது, கழற்றிவிட்டார். அதே ஆள் 1964 டோக்கியோவில் குடல்வால் அறுவை முடிந்த ஒன்றரை மாதத்துக்குள், ஷூ போட்டுக்கொண்டு, இன்னும் மூன்று நிமிடம் வேகமாக வந்தார். இதை யாரும் ஸ்டேட்டஸில் வைப்பதில்லை!

தஞ்சாவூர்: வெறுங்காலில் ஓடினா முட்டி வலி போயிடுமா?

2010இல் ஹார்வர்டின் டேனியல் லீபர்மேன் குழு 'நேச்சர்' இதழில் எழுதியதைத்தான் எல்லோரும் இழுத்துச் சொல்கிறார்கள். ஷூ போட்டு வளர்ந்தவர்கள் பெரும்பாலும் குதிகாலை முதலில் ஊன்றுகிறார்கள், வெறுங்காலில் ஓடியே பழகியவர்கள் முன்பாதத்தை. முன்பாதம் முதலில் பட்டால் அந்த 'ணங்'கென்ற முதல் அதிர்ச்சி இல்லை. இவ்வளவுதான் அதில் இருக்கிறது. காயமே வராது என்று அவர்கள் சொல்லவில்லை. பாரமும் எங்கும் போய்விடாது, கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும் வாங்கிக்கொள்ளும்.

கும்பகோணம்: எங்க, எப்படி ஆரம்பிக்கலாம் சார்?

எல்லோரும் ஆற்று மணலுக்குத்தான் ஓடுகிறார்கள். வேண்டாம். காய்ந்த மணலில் குதிகால் புதையும், மறுநாள் மாடிப்படி இறங்க முடியாது. வாய்க்கால் கரையில் வண்டி போய்ப் போய் இறுகின மண்தடம் இருக்குமே, அதுதான் சரி. ஆனால் முதல் தடவை நடந்து பார்த்துவிட்டு ஓடுங்கள். நெருஞ்சி குத்தினால் தட்டிவிட்டுப் போகலாம், கருவேல முள் உள்ளேயே ஒடிந்து நின்றுவிடும். அறுத்த வயல் பக்கமே போகாதீர்கள், மிச்சமிருக்கும் நெல்தாள் கத்தி மாதிரி கிழிக்கும். வழக்கமான ஓட்டம் முடிந்ததும் ஷூவைக் கழற்றி இருநூறு முந்நூறு மீட்டர், ஒருநாள் விட்டு ஒருநாள். சில வாரம் அப்படியே இருக்கட்டும். புறங்காலில் ஒரே இடத்தில் அழுத்தினால் வலித்தால் நிறுத்திவிடுங்கள். அது எலும்பு விரிசலின் ஆரம்பமாக இருக்கலாம். ஆசைப்பட்டு ஒரே வாரத்தில் ஐந்து கிலோமீட்டர் போகிறவர்களுக்குத்தான் இது வரும். டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டு எவ்வளவு நாளாச்சு என்றும் பாருங்கள்.

திருவாரூர்: வருஷா வருஷம் வேளாங்கண்ணிக்கு வெறுங்காலில் நடக்கிறேன். அதுவே பயிற்சிதானே?

உள்ளங்காலுக்கு, ஆமாம். ஓட்டத்துக்கு இல்லை அம்மா. நடக்கும்போது வெறுங்காலிலும் குதிகால்தான் முதலில் படும், முன்பாதத்தில் இறங்கும் பாரத்தைத் தாங்கும் வேலையே கெண்டைக்காலுக்குப் பழகியிருக்காது.

நாகை: எனக்கு சுகர் இருக்கு.

வெறுங்கால் வேண்டவே வேண்டாம். சுகரால் மரத்துப்போன காலில் முள் ஏறியது தெரியாது.

திருவையாறு: போட்டியில் விடுவாங்களா?

உலகத் தடகள விதி அனுமதிக்கிறது. ஒற்றைக் காலில் மட்டும் ஷூ போட்டும் ஓடலாம். பிரிட்டனுக்காக ஓடிய ஜோலா பட் 1985 உலகக் குறுக்குநாட்டு ஓட்டத்தை வெறுங்காலில்தான் வென்றார். உள்ளூர் மாரத்தான் என்றால் பதியும்போதே கேட்டுவிடுங்கள். வெயில் ஏறின தார் ரோடு என்றால், ஷூவையே போடுங்கள்.